நாமிக் ஆட்டத்துல "யாரும் பொய் சொல்லக்கூடாது"ன்னு ஒரு விதி கொண்டு வரலாமா?

நீங்க அஞ்சு பேர் நாமிக் ஆடுறீங்க, ஒருத்தர் "ஆட்டத்துல யாரும் பொய் பேசக்கூடாது"ன்னு விதி முன்வச்சிருக்கார், அதை நிறைவேத்தலாமா வேண்டாமான்னு சண்டை, இதானே கேள்வி? கொண்டு வாங்க, ஆனா அந்த வாசகத்துல வேண்டாம். அப்படியே ஓட்டுக்கு விட்டா நானா இருந்தா எதிர்த்துத்தான் போடுவேன்.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி சொல்லிடுறேன். நாமிக்ல விதியை மாத்துறதுதான் ஆட்டமே. எர்லாம் காலேஜ்ல ஃபிலாசஃபி சொல்லிக்குடுத்த பீட்டர் சூபர் உருவாக்கினது, 1982 ஜூன்ல டக்ளஸ் ஹாஃப்ஸ்டாடர் சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகைல எழுதினப்புறம்தான் பரவலா தெரிஞ்சது. ஆரம்ப விதிகள் 29. 101 முதல் 116 வரைக்கும் எண் போட்ட விதிகள்ல கை வைக்கணும்னா முதல்ல எல்லாரும் ஒத்துக்கணும், 201 முதல் 213 வரைக்கும் சாதாரணமா மாத்திக்கலாம். உங்க முறை வந்தா ஒரு விதிமாற்றத்தை முன்வைக்கணும், மத்தவங்க ஓட்டுப் போடுவாங்க, முதல்ல 100 பாயின்ட் எடுக்குறவங்க ஜெயிச்சாங்க.

இந்த 29லயும் பொய்யைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. எதை விதி தடுக்கலையோ அதை தாராளமா செய்யலாம்னு 116 சொல்லுது, அப்ப பொய்யும் சொல்லலாம். சொல்லலாம்ங்கறது மட்டுமில்ல, சொன்னா லாபம் வேற. முதல் ரெண்டு ரவுண்டுக்கு எல்லாரும் சம்மதிச்சாதான் ப்ரபோசல் தேறும், அதுக்கப்புறம் மெஜாரிட்டி போதும். மெஜாரிட்டிக்கு மாறின உடனே 204 உயிர் பெறுது, அதாவது ஜெயிச்ச ப்ரபோசலுக்கு எதிரா ஓட்டுப் போட்டவங்களுக்கு ஆளுக்கு 10 பாயின்ட், தோத்தவங்களுக்கு ஒரு ஆறுதல் பரிசு மாதிரி. ப்ரபோசல் தோத்தா 206படி கொண்டு வந்தவருக்கு 10 பாயின்ட் போச்சு. இப்ப யோசிங்க, "என் ஓட்டு உனக்குத்தான்டா"ன்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டு எதிரா போட்டா, அது தேறினா எனக்கு 10, தேறலைன்னா அவனுக்கு மைனஸ் 10. ரெண்டுல எது நடந்தாலும் எனக்கு நல்லதுதான்.

எங்க செட்லயும் இப்படித்தான் ஒருத்தன் மாட்டினான், மாட்டின கடுப்புல அடுத்த முறையே "உண்மையில்லாததை யாரும் சொல்லக்கூடாது, சொன்னா 10 பாயின்ட் கட்"னு கொண்டு வந்தான். ஓட்டுக்கு முன்னாடி விவாதம் பண்ண நேரம் குடுக்கணும்னு 111 சொல்லுது, அந்த விவாதம்தான் அன்னிக்கு ஆட்டத்தை விட சூடா போச்சு. ஏமாத்தினவன் முதல்லயே "மச்சி, எந்த விதியும் பின்தேதியிட்டு செல்லாது, 107 பாரு, நேத்து சொன்னதுக்கு நீ என்னை ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு கழண்டுக்கிட்டான். ஸ்கோர் எழுதுறவன் "நான் உனக்கு 38னு வாசிச்சேன், திரும்பக் கூட்டிப் பார்த்தா 40 வருது, நான் பொய்யனாடா?"ன்னு கேட்டான். எங்கள்ல கோர்ட்டுக்குப் போய் வர்றவன் ஒருத்தன் இருக்கான், அவன் கேட்டதுதான் நிஜமான கேள்வி: "ஓட்டுப் போடுறேன்னு சொன்னப்ப அப்படித்தான்டா நெனச்சேன், அப்புறம் மனசு மாறிடுச்சு, இது பொய்யா?" யாருக்கும் பதில் வரல.

அப்பதான் மூலையில சும்மா உட்கார்ந்திருந்தவன் வாயைத் திறந்தான். "இந்த விதி தேறட்டும். என் முறை வந்ததும் 'நான் இப்ப சொல்ற இந்த வாக்கியம் உண்மையில்ல'ன்னு சொல்றேன். நான் விதியை மீறிட்டேனா இல்லையா?" மீறிட்டான்னு வச்சா அவன் சொன்னது உண்மை ஆயிடும், உண்மைன்னா மீறல. மீறலைன்னு வச்சா அவன் சொன்னது உண்மை, அப்ப அவன் சொன்னபடியே அது உண்மையில்ல, மீறிட்டான். 213 என்ன சொல்லுது? ஒரு மூவ் சட்டப்படி செல்லுமா செல்லாதான்னு முடிவு பண்ணவே முடியலைன்னா, தன் முறையை முடிக்க முடியாம முதல்ல நிக்கிறவர்தான் வின்னர். பொய்யைத் தடுக்கக் கொண்டு வந்த விதி அவனுக்கு ஓசில வெற்றியைக் குடுக்குது! வாயால பேசுறதெல்லாம் மூவ் ஆகுமான்னு நீங்க கேக்கலாம், ஆனா பேச்சையே விதிக்குள்ள இழுத்து விட்டது நீங்கதானே.

தீர்ப்பு சொல்றது யாருன்னு பார்த்தா இன்னும் மோசம். 212படி யார் முறை நடக்குதோ அவருக்கு முந்தின ஆள்தான் ஜட்ஜ், அவர் தீர்ப்பை மாத்தணும்னா மத்த எல்லாரும் ஒரே குரல்ல மாத்தணும். பொய் சொன்னதா சந்தேகப்படுற ஆளும் அந்த "மத்த எல்லாரும்"ல ஒருத்தன். ஜட்ஜ் ஒரு தடவை அவனை விடுவிச்சிட்டா முடிஞ்சுது கதை.

இதையெல்லாம் பல வருஷமா அரைச்சு மாவாக்கினவங்க அகோரா ஆளுங்க. 1993ல இருந்து ஈமெயில்லயே ஓடுற நாமிக் அது. அங்க "நோ ஃபேக்கிங்"னு ஒரு விதி இருக்கு. நான் படிச்ச வடிவத்துல அது உண்மையா பொய்யாங்கறதோட நிக்கல. சொன்னவருக்கு அது உண்மையில்லன்னு தெரிஞ்சிருக்கணும், இல்ல அப்படி நம்பியிருக்கணும், அதோட மத்தவங்களை ஏமாத்துற நோக்கமும் இருக்கணும், ரெண்டும் சேர்ந்தாதான் பொய். அடுத்தவர் சொன்னதை மேற்கோள் காட்டினா அது உங்க கூற்று ஆகாது. வாக்கியத்துல ஒரு மறுப்புக் குறிப்பு ஒட்டியிருந்தா அதையும் சேர்த்துத்தான் எடை போடணும். ஸ்கோர் எழுதினவன் தப்பிச்சான், மனசு மாறினவனும் தப்பிச்சான், அந்த மூலைக்காரனோட வாக்கியமும் புஸ்ஸுன்னு போயிடும், ஏன்னா அதைக் கேட்டு யாரும் ஏமாறப் போறதில்ல, ஏமாத்தணும்னு அவன் சொல்லவும் இல்ல.

அந்த விதியில எனக்குப் பிடிச்ச நுணுக்கம் வேற ஒண்ணு. அகோராவுல பல காரியம் சொன்னாலே நடந்துடும், "இத்தனை காசை இன்னாருக்குக் குடுக்குறேன்"னு மெயில் போட்டா குடுத்தாச்சு. கையில காசே இல்லாம அப்படிப் போட்டா? அது கூற்றே இல்லையே, செயல்தானேன்னு வாதாடலாம். அதனால, செயலா இருந்தா அது பலிக்காதுன்னு தெரிஞ்சே சொன்னதும் பொய்தான்னு விதியிலயே எழுதி வச்சுட்டாங்க.

அதை விட கெட்டிக்காரத்தனம், கணக்குல வர்ற தப்பை அவங்க தண்டனையை மட்டும் நம்பி விடல. அதிகாரபூர்வமா வெளியிடுற சில அறிக்கைகளை ஒரு வாரத்துக்குள்ள யாரும் ஆட்சேபிக்கலைன்னா, அதுல இருக்குறதுதான் நிலவரம்னு விளையாட்டே தன்னை மாத்திக்கும். தப்பா எழுதினதும் சரி ஆயிடும்! கேக்க அநியாயமா இருக்கும், ஆனா இல்லைன்னா என்னிக்கோ நடந்த ஒரு கூட்டல் பிழை இன்னிக்கு வெளிய வந்து அதுக்கப்புறம் நடந்த எல்லாத்தையும் கவுத்திடும்.

உங்க ஆட்டத்துக்கு நான் எழுதுறதா இருந்தா இவ்வளவுதான்: "பாயின்ட், போட்டு முடிச்ச ஓட்டு, விதியோட வாசகம், இதுகளைப் பத்தி தப்புன்னு தெரிஞ்சே ஏமாத்துற நோக்கத்துல சொன்னா 10 பாயின்ட் கட். வாசிச்ச ஸ்கோரை அடுத்தவர் முறை முடியுறதுக்குள்ள யாரும் ஆட்சேபிக்கலைன்னா அதுவே ஸ்கோர்." ரெண்டு விஷயம் இருக்குறதால 111ஐக் காட்டி யாராவது பிரிக்கச் சொல்லுவாங்க, பிரிச்சு ரெண்டு ப்ரபோசலா போடுங்க. இனிமே போடப் போற ஓட்டைப் பத்தி யாரும் என்ன வேணா புளுகட்டும், அதை நம்புறதா வேண்டாமாங்கறதுதான் ஆட்டத்துல பாதி சுவாரஸ்யம். வாக்குறுதிக்கு மதிப்பு வேணும்னா "எழுதிக் கையெழுத்துப் போட்டதை மீறினா கட்"னு தனியா ஒண்ணு கொண்டு வாங்க, அகோராவுலயும் வாக்கு குடுத்து மீறினா தண்டிக்க தனி விதிதான் வச்சிருக்காங்க.

ரெண்டாவது ரவுண்டு முடியுறதுக்கு முன்னாடி இதை வைக்காதீங்க, புளுகுறவன் ஒருத்தன் கை தூக்கினாலே அப்ப தோத்துடும். அதுக்கப்புறம் வச்சா மெஜாரிட்டில தேறிடும், எதிர்த்துப் போட்டதுக்கு 204படி அவனுக்கு 10 பாயின்ட் போகும், அதை மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டு குடுத்துடுங்க.