கருணை மனுவில் கையெழுத்து யாருடையது?

ராமநாதபுரம் கோர்ட்டில் நிறைய வருடம் கருப்புக் கோட்டுப் போட்டு அலைந்தவன் நான். இப்போது மண்டபத்தில் வீட்டோடு இருக்கிறேன். தேர்தல் நெருங்கினாலே ‘நாங்கள் வந்ததும் விடுதலை’ என்று மைக்கில் கத்துகிறார்களே, அதெல்லாம் நடக்கிற காரியமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். கைக்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

தங்கச்சிமடம், விசைப்படகுத் தொழிலாளி: அண்ணே, 2014-ல் நம்ம ஆட்கள் ஐந்து பேரைத் தூக்கிலிருந்து மீட்டது நாங்கள்தான் என்று எல்லாக் கட்சியும் சொல்லுது. உண்மையில் யார்?

சத்தம் போட்டவர்கள் பலர், தம்பி. கையெழுத்துப் போட்டவர் ஒருவர்தான், அன்றைய இலங்கை ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச. 2011 நவம்பரில் பிடிபட்ட நம் மீனவர்கள் ஐந்து பேர் மீது ஹெராயின் கடத்தியதாக வழக்கு. 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் தூக்கு விதித்தது. ராமேஸ்வரம் தீவு முழுக்க மறியல், கடையடைப்பு. டெல்லியும் பேசியது.

இதில் யாரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. மேல்முறையீடு போட்டிருந்தார்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் மன்னிப்பு நகராது என்பதால் அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்தச் சமயம் டீக்கடையில் ஒரு பெரியவர் என்னிடம், “அப்பீலை வாபஸ் வாங்கிட்டா அப்புறம் கயிறுதானே வக்கீலு?” என்று கேட்டார். கிளாஸைப் பிடித்த கை நடுங்கி டீ வேட்டியில் சிந்தியது. அவர் பயத்திலும் நியாயம் உண்டு. கோர்ட் கதவைச் சாத்திவிட்டு ஒரே மனிதரின் பேனாவை நம்பி நிற்பதுதானே அது? நவம்பர் 19-ல் விடுதலையானார்கள். அடுத்த நாளே ராஜபக்ச ஜனாதிபதித் தேர்தலை அறிவித்தார். இரண்டுக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரமில்லை. தேதிகளைச் சொல்கிறேன், அவ்வளவுதான். அதே வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட இலங்கையர் மூவர் இருந்தார்கள். அந்த மன்னிப்பில் அவர்கள் பெயர் இல்லை. அவர்களுக்காக மறியல் செய்ய இந்தக் கரையில் யார் இருந்தார்கள்?

கீழக்கரை, துணிக்கடை: வக்கீல் காக்கா, நம்ம குடியரசுத் தலைவரும் அப்படி நினைத்தவுடன் கையெழுத்துப் போட முடியுமா?

முடியாது. அரசியல் சாசனம் 72-வது பிரிவு அதிகாரத்தை அவர் பெயரில்தான் எழுதியிருக்கிறது. ஆனால் மத்திய அமைச்சரவை சொல்கிறபடிதான் அவர் நடக்க வேண்டும். கவர்னருக்கு 161-வது பிரிவு, அங்கே மாநில அமைச்சரவை. மாரு ராம் வழக்கில் 1980-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பிடிக்காவிட்டால் ‘மறுபடி யோசியுங்கள்’ என்று ஒரு முறை குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பலாம். இல்லாவிட்டால் கோப்பை மேஜையிலேயே வைத்திருக்கலாம். இந்த இரண்டாவது வித்தைதான் நம் நாட்டில் அதிகம்.

ராமேஸ்வரம், கல்லூரி மாணவி: சார், ராஜீவ் வழக்கில் ஏழு பேர் விடுதலையை அமைச்சரவையே முடிவு செய்தும் ஏன் இத்தனை வருடம்?

நல்ல கேள்வி, அம்மா. பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவரின் கருணை மனு பதினோரு வருடம் கிடந்து 2011-ல் நிராகரிக்கப்பட்டது. அந்தத் தாமதத்தையே காரணம் காட்டி 2014 பிப்ரவரி 18-ல் உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. மறுநாளே ஜெயலலிதா அரசு ஏழு பேரையும் விடுவிப்பதாக அறிவித்தது, மத்திய அரசுக்கு மூன்று நாள் கெடுவும் வைத்தது. நாடாளுமன்றத் தேர்தல் வாசலில் நின்ற நேரம். நம்மூரிலும் வெடி போட்டார்கள்.

மறுநாள் தடை வந்தது. அது சிபிஐ விசாரித்த வழக்கு. தண்டனைக் குறைப்புச் சட்டப்படி மத்திய அரசின் சம்மதமில்லாமல் மாநிலம் விடுவிக்க முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. சரி, அந்த வழி அடைத்தால் 161 இருக்கிறதே என்று 2018 செப்டம்பரில் அமைச்சரவை கவர்னருக்குப் பரிந்துரைத்தது. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டு, 2021-ல் அதைக் குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிட்டார் கவர்னர். அப்படித் தள்ள இடமே இல்லை என்று சொல்லி, 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றமே, முழு நீதி வழங்கத் தனக்குள்ள 142-வது பிரிவு அதிகாரத்தால் பேரறிவாளனை விடுவித்தது. மற்ற ஆறு பேருக்கு அந்த நவம்பரில்.

ஆக, மேடையில் வாக்குக் கொடுத்தது ஒருவர், பேனா இருந்தது இன்னொருவர் கையில், கதவைத் திறந்தது மூன்றாமவர். விடுதலை சரியா தவறா என்பதில் உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். வாக்குக் கொடுத்தபோதே கெடு வைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. மூன்று நாள் என்றது எட்டு வருடம் ஆனது.

தொண்டி, வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்: அமெரிக்காவில் பைடன் மகனை மன்னிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மன்னித்தாரே?

ஆமாம், 2024 டிசம்பர் 1-ல். அங்கே அமைச்சரவை ஆலோசனையெல்லாம் கட்டாயமில்லை. மத்தியச் சட்டக் குற்றம் என்றால் ஜனாதிபதி கையெழுத்தே போதும். அதே மாதம் 23-ல், மத்திய மரண தண்டனைக் கைதிகள் நாற்பது பேரில் முப்பத்தேழு பேரின் தண்டனையை ஆயுளாக்கினார். 2020-ல் அந்தத் தண்டனையையே ஒழிக்கப் பாடுபடுவேன் என்று ஓட்டுக் கேட்டவர், சட்டம் நிறைவேறாததால் பேனாவால் முடிந்ததைச் செய்தார். டிரம்போ தேர்தலில் சொன்னபடியே 2025 ஜனவரி 20-ல், பதவியேற்ற அன்றே, நாடாளுமன்றக் கட்டடத் தாக்குதல் வழக்கில் சுமார் 1,500 பேருக்கு மன்னிப்புக் கொடுத்தார். வாக்கைக் காப்பாற்றினார் என்பதற்காகவே அது நல்ல காரியம் ஆகிவிடாது என்பது என் எண்ணம்.

ஏர்வாடி: மன்னிப்புக் கிடைத்தால் நிரபராதி என்று அர்த்தமா?

இல்லை. தண்டனை போகும், தீர்ப்பு நிற்கும்.

பாம்பன், நாட்டுப்படகுக்காரர்: இலங்கையில் ஜனாதிபதி மன்னித்தால் யாரும் கேள்வி கேட்க முடியாதா மாமா?

இப்போது முடிகிறது, மாப்பிள்ளை. அவர்கள் சாசனத்தின் 34-வது பிரிவில், தூக்குக் கைதி என்றால் விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் (நம்மூர் அட்டர்னி ஜெனரல் மாதிரி) ஆலோசனை, நீதி அமைச்சரின் பரிந்துரை என்று படிகள் உண்டு. மிருசுவிலில் எட்டுத் தமிழர்களைக் கொன்ற வழக்கில் தூக்குப் பெற்ற ராணுவச் சிப்பாயை 2020 மார்ச்சில் அன்றைய ஜனாதிபதி கோத்தபய விடுவித்தார். 2021-ல் முன்னாள் எம்.பி. துமிந்த சில்வாவுக்கும் மன்னிப்பு. துமிந்தவின் மன்னிப்பை 2024-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கோத்தபயவுக்கு முன் ஜனாதிபதியாக இருந்த சிறிசேன பதவி முடிகிற வேளையில் ஒரு கொலைக் கைதிக்குக் கொடுத்த மன்னிப்பும் அதே ஆண்டு ரத்தானது. இந்த ஜனாதிபதி முறையையே ஒழிப்போம் என்று 1994-லிருந்து அங்கே வாக்குக் கொடுக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் அது சுகமாகிவிடுகிறது போல.

மண்டபம், படகு உரிமையாளர்: ஆட்களை விட்டுவிட்டால் படகும் தானாக வருமா அண்ணே?

வராது. நம் ஆட்களை வழக்கமாக விடுவது அங்குள்ள நீதிவான் கோர்ட், பெரும்பாலும் நிறுத்திவைத்த தண்டனையோடு. மறுபடி பிடிபட்டால் அதுவும் சேர்ந்து உள்ளே. படகுக்குத் தனி வழக்கு. உரிமையாளர் ஆவணத்தோடு நேரில் வரச் சொல்லித் தேதி கொடுப்பார்கள். போகாவிட்டால் நாட்டுடைமை. ஆர்சி புத்தகத்தைப் படகிலேயே வைத்து, அதுவும் படகோடு போய்விட்டது என்று வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். நாளைக்கே ஒரு நகல் எடுத்து, சான்றொப்பம் வாங்கி, வீட்டு பீரோவில் வையுங்கள்.