ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் திணறுகிறேன். டபிள்யூ (W, பாடத்தைப் பாதியில் விட்டதற்கான குறி) வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் மெடிக்கல் ஸ்கூல் கிடைக்காமல் போய்விடுமா?

அமெரிக்காவில் இரண்டாம் ஆண்டு ப்ரீ-மெட் (மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகும் கல்லூரிப் படிப்பு), ஆர்கானிக் முதல் பருவம், இரண்டு மிட்டெர்மில் 52, 44, வித்ட்ரா செய்ய இன்னும் ஒன்பது நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். டிரான்ஸ்கிரிப்டில் டபிள்யூ விழுவதை விட, பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடுவது மேல் என்று அப்பா சொல்கிறாராம்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தவன். சி மைனஸ் வந்தது. பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்கள் முன்தேவைப் பாடங்களில் சி-க்குக் கீழே ஏற்பதில்லை. அதனால் அதே பாடத்தை மறுபடி எடுத்து ஏ மைனஸ் வாங்கினேன். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஆம்காஸ் என்ற மெடிக்கல் ஸ்கூல் பொது விண்ணப்பத்தில் இரண்டு முறை வாங்கிய கிரேடும் கணக்கில் சேரும். உங்கள் கல்லூரி பழைய கிரேடை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டாலும், அவர்கள் இரண்டையும் சேர்த்தே பார்ப்பார்கள். சி மைனஸுக்கு 1.7, ஏ மைனஸுக்கு 3.7, சராசரி 2.7. நான்கு கிரெடிட் பாடம் எட்டு கிரெடிட்டாகி, பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், கணிதம் நான்கையும் சேர்த்துத் தனியாகப் போடும் ஜிபிஏவை (கிரேடு சராசரியை) கீழே இழுத்துக்கொண்டே இருந்தது. டபிள்யூ வாங்கியிருந்தால் 3.7 மட்டும்தான் நின்றிருக்கும். டபிள்யூ விண்ணப்பத்தில் தெரியும், மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. ஆனால் ஜிபிஏ கணக்கில் அது சேராது. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டமான டி.ஓ. தரும் கல்லூரிகளில் திரும்ப எடுத்த கிரேடு மட்டுமே கணக்கு என்று யாராவது சொன்னால், அது 2017-ஓடு முடிந்துபோன கதை.)

இப்போது உங்கள் கணக்கு. நீங்கள் சொன்னபடி மிட்டெர்ம் மூன்று, ஒவ்வொன்றும் 20 சதவீதம், ஃபைனல் 30, வினாடிவினா 10. இரண்டு மிட்டெர்மிலிருந்து கையில் இருப்பது 19.2. வினாடிவினாவில் 9 வரும் என்று தாராளமாக வைத்தாலும் 28.2. சி-க்காக மொத்தம் 70 தொட வேண்டுமென்றால் மீதி 50-ல் 41.8 வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 84 சதவீதம். இதுவரை 52-ஐத் தாண்டாதவருக்கு, இன்னும் கடினமான பாடங்களில்.

கர்வ் (வகுப்புச் சராசரியைப் பொறுத்து கிரேடு போடுவது) இருக்கும் என்பீர்கள், சரி. ஆனால் வகுப்புச் சராசரி முதல் தேர்வில் 58, இரண்டாவதில் 63 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்கள் ஏறும்போது நீங்கள் இறங்கியிருக்கிறீர்கள். 44-ஐ விட இதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. நாளைக்கே ஆஃபீஸ் ஹவர்ஸ் போய், "இன்றோடு பருவம் முடிந்தால் எனக்கு என்ன கிரேடு?" என்று பேராசிரியரிடம் நேராகக் கேளுங்கள். சிலபஸையும் ஒருமுறை பாருங்கள். சிலர் மிகக் குறைந்த மிட்டெர்மை விட்டுவிடுவார்கள், சிலர் ஃபைனல் மதிப்பெண்ணை அதற்குப் பதிலாகப் போடுவார்கள். அப்படி இருந்தால் மேலே போட்ட கணக்கே மாறிவிடும்.

ஏன் இறங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். நான் பத்தாவது வரை மதுரையில் படித்துவிட்டு நியூ ஜெர்சிக்கு வந்தவன். மனப்பாடம்தான் என் ஆயுதம். ஆர்கானிக் முதல் தேர்வு அதற்கு ஓரளவு வளைந்து கொடுக்கும்: பெயரிடுதல், வடிவங்கள், அமிலம், காரம். இரண்டாவதில் எஸ்என்1, எஸ்என்2 என்ற பதிலீட்டு வினைகளும், இ1, இ2 என்ற நீக்க வினைகளும் வந்துவிடும். ஒரே மூலக்கூறு, சேர்க்கிற பொருளும் கரைப்பானும் மாறினால் விளைபொருளே மாறிவிடும். மூன்று கார்பன்கள் ஒட்டிய டெர்ஷியரி கார்பனில் பின்பக்கமாக நுழைய இடமில்லை, அதனால் எஸ்என்2 நடக்காது. டெர்ட்-பியூடாக்சைடு போலப் பருமனான காரம் என்றால் ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். நான் நான்கு வண்ணத்தில் முந்நூறு அட்டை எழுதி வரிக்கு வரி ஒப்பித்தேன். தேர்வில் அட்டையில் இல்லாத மூலக்கூறு வந்தது. எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்பு போட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு இரண்டாவது முறை எடுத்தபோதுதான் வந்தது.

உங்கள் காரணம் இதுவானால், மூன்று வாரத்தில் சரியாவது கஷ்டம், வெளியே வந்துவிடுங்கள். ஆனால் வந்தபின் அடுத்த பருவம் வரை புத்தகத்தை மூடிவைத்துவிட்டால் மறுபடி இதே இடத்தில் நிற்பீர்கள். என்னுடன் படித்த ஒருவன் ஆர்கானிக்கில் இரண்டு முறை டபிள்யூ வாங்கினான். ஒன்று இருந்தால் யாரும் நின்று பார்ப்பதில்லை. இரண்டு, அதுவும் ஒரே பாடத்தில் என்றால் பார்ப்பார்கள். காரணம் வேறாக இருந்தால், உடம்பு சரியில்லை, வேலை நேரம் அதிகம், வீட்டில் பிரச்சினை என்றால், அதை முதலில் அட்வைசரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் ஒன்றும் தனியாள் இல்லை. 2022-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஆர்கானிக் வகுப்பில் 350 பேரில் 82 பேர் பாடம் மிகக் கடினம் என்று மனுவில் கையெழுத்தே போட்டார்கள், அது பத்திரிகை வரை போனது. இத்தனை அழுகைக்கும் மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத்தேர்வான எம்கேட்டில் ஆர்கானிக்கின் பங்கு ஒரு பகுதியில் சுமார் 15 சதவீதம், இன்னொன்றில் 5, அவ்வளவுதான். ஆனால் பயோகெமிஸ்ட்ரிக்கு இது வாசல்படி, அதனால் தாண்டிக் குதிக்கவும் முடியாது.

ஃபாரத்தில் கையெழுத்துப் போடும் முன் சில விஷயங்கள். முழுநேர மாணவருக்கான 12 கிரெடிட்டுக்குக் கீழே போகிறீர்களா என்று பாருங்கள். எஃப்-1 மாணவர் விசா என்றால் முன்கூட்டியே இன்டர்நேஷனல் ஆஃபீஸ் அனுமதி வாங்காமல் கைவைக்கவே வைக்காதீர்கள். நிதியுதவி வாங்குபவராக இருந்தால், எடுத்த கிரெடிட்டில் பொதுவாக 67 சதவீதம் முடித்திருக்க வேண்டும், டபிள்யூ எடுத்ததாகவே கணக்கு. விழுவது வெறும் டபிள்யூவா, ஃபெயிலிங் என்று சேர்த்துப் போடும் டபிள்யூஎஃபா என்றும் ரெஜிஸ்ட்ராரிடம் கேளுங்கள். இரண்டாவதைப் பல இடங்களில் எஃப் என்றே கணக்கிடுவார்கள். அப்புறம், இந்தப் பாடம் தள்ளிப்போனால் ஆர்கானிக் இரண்டு, பயோகெம், எம்கேட் எல்லாம் வரிசையாகத் தள்ளிப்போகும். அநேகமாக ஒரு வருடம் இடைவெளி விழும். இப்போது மெடிக்கல் ஸ்கூலில் சேருபவர்களில் பாதிக்கு மேல் அப்படி வருகிறவர்கள்தான். அதைத் தவிர்க்க ஆறு வாரக் கோடை வகுப்பில் ஆர்கானிக் எடுக்கலாமே என்று தோன்றும். 44 வாங்கியவருக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

நான்கு வருடம் கழித்து என் தங்கை இதே பாடத்தில், இதே அக்டோபர் மாதத்தில், இதே மாதிரி இறங்கினாள். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். டபிள்யூ வாங்கினாள், அடுத்த வருடம் பி பிளஸ். மூன்று மெடிக்கல் ஸ்கூல் நேர்காணலுக்குப் போனாள், ஒன்றில்கூட அந்த டபிள்யூவைப் பற்றிக் கேட்கவில்லை. என் சி மைனஸை என்னிடம் இரண்டு இடத்தில் கேட்டார்கள்.

வீட்டில் சொல்லத்தான் அவளுக்குப் பயம். கடைசியில் போனில் என்னையும் வைத்துக்கொண்டு சொன்னாள். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ கட்டின பணம் திரும்பி வருமா?" என்றார். வராது, அதற்கான தேதி செப்டம்பரிலேயே போய்விட்டது. அதையும் சேர்த்தே உங்கள் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.