சாவிதான் முதலில்

கேள்வி: பின்லாந்தில் தெருவில் படுத்திருப்பவர்களுக்கு நிபந்தனையே இல்லாமல் வீடு கொடுக்கிறார்களாமே? குடிப்பழக்கம் உள்ளவரிடம் வீட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்?
- வாசகர், மதுரை

பதில்: சும்மா கொடுப்பதில்லை, வாடகைக்குத்தான். அவர் பெயரிலேயே ஒப்பந்தம் எழுதுவார்கள், வாடகையில் பெரும்பகுதியை அரசு உதவித்தொகை தாங்கும். 'முதலில் குடியை விடு, அப்புறம் வீடு' என்பதுதான் எங்கேயும் பழைய வழக்கம். 2008-ல் பின்லாந்து அதைத் தலைகீழாக்கி, வீட்டை முதலில் கொடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று இறங்கியது. யோசித்துப் பாருங்கள், இன்று ராத்திரி எங்கே படுப்பது, செருப்பை யார் தூக்கிக்கொண்டு போவார்கள் என்ற பயத்திலேயே கிடப்பவர் சிகிச்சைக்கு எப்படி ஒழுங்காகப் போவார்?

தலைநகர் ஹெல்சிங்கியில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்திய பெரிய இரவுக் காப்பகம் ஒன்றையே 80-க்கும் மேற்பட்ட தனி வீடுகளாக மாற்றினார்கள். உள்ளே அவரவருக்குச் சமையலறை, குளியலறை, கையில் சொந்தச் சாவி. கீழ்த்தளத்தில் எந்நேரமும் ஊழியர்கள். குடிப்பவரும் அங்கே இருக்கலாம், உதவி கேட்டால் உடனே கிடைக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தச் சாவிதான்.

நாடு முழுக்க 1987-ல் 18,000-க்கு மேல் இருந்த வீடற்றோர் 2023-ல் சுமார் 3,400 ஆனார்கள். 2024-ல் எண்ணிக்கை மறுபடி ஏறியது, அந்த ஆண்டுதான் அரசு வாடகை உதவியை வெட்டியது. அது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.