ட்ரேஸ் கணக்கு: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: 1 அவுன்ஸ் சர்க்யூட் போர்டில் 10 செ.மீ. நீளம், 0.25 மி.மீ. அகலத்தில் ஒரு ட்ரேஸ் (கரண்ட் ஓடும் காப்பர் கோடு). ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு வரும்? ஃபார்முலா வேண்டாம்.

ட்ரேஸின் அகலத்தையே பக்கமாக வைத்து, நீளத்தில் எத்தனை சதுரம் அடங்கும் என்று எண்ணுங்கள், போதும். 1 அவுன்ஸ் என்றால் காப்பர் 35 மைக்ரான் தடிமன். அதில் ஒரு சதுரம், சின்னதோ பெரியதோ, அறை வெப்பத்தில் சுமார் அரை மில்லிஓம்தான். உங்கள் ட்ரேஸில் 400 சதுரம், ஆக 0.2 ஓம். 1 ஆம்பியர் விட்டால் 0.2 வோல்ட் வழியிலேயே போய்விடும், 3.3 வோல்ட் சப்ளைக்கு அது கொஞ்சநஞ்சமல்ல. சூடு 25 டிகிரி ஏறினால் இதன்மேல் இன்னொரு 10 சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அதையே மல்டிமீட்டரில் அளந்தால் 0.5 ஓம் காட்டுகிறதே?

புரோப் வயரையும் சேர்த்து அளக்கிறீர்கள். பெஞ்ச் சப்ளையில் கரண்ட் லிமிட்டை அரை ஆம்பியரில் வைத்து ட்ரேஸ் வழியாக விடுங்கள், மீட்டரை மில்லிவோல்ட்டுக்கு மாற்றி, கரண்ட் வயர் பற்றவைத்த இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி ட்ரேஸின் மேலேயே புரோப்பை வையுங்கள். 100 மில்லிவோல்ட்டை ஒட்டி வரும். சற்று விலகினால் பதறாதீர்கள், வெளி லேயரில் பிளேட்டிங் (மேலே படியவைக்கும் கூடுதல் காப்பர்) ஏறுவதால் தடிமன் போர்டுக்குப் போர்டு மாறும்.

கேள்வி: போர்டுக்குள் புதைந்த உள் லேயர் ட்ரேஸுக்கு கால்குலேட்டர் இவ்வளவு அகலம் கேட்கிறதே, நிஜமாகவே தேவையா?

பெரும்பாலும் இல்லை. அது ஐபிசி-2221 என்ற சர்க்யூட் போர்டு தரநிலையின் ஃபார்முலா. 1 ஆம்பியர், சூடு 10 டிகிரி ஏறலாம் என்று போட்டால் வெளியே 0.3 மி.மீ., உள்ளே 0.8 மி.மீ. சொல்லும். உள்ளே காற்று படாது, அதனால் பாதி கரண்ட்தான் தாங்கும் என்று அந்தக் காலத்தில் வைத்த கணக்கு அது. அசையாத காற்றைவிட எஃப்ஆர்-4 (போர்டின் கண்ணாடி இழைப் பொருள்) சூட்டை நன்றாகவே கடத்தும், பக்கத்தில் ஒரு கிரவுண்ட் பிளேன் (கிரவுண்டுக்கான அகலமான காப்பர் பரப்பு) இருந்தால் கேட்கவே வேண்டாம். 2009-இல் வந்த ஐபிசி-2152 அளந்து பார்த்து எழுதியது, அதைப் பாருங்கள். இடம் தாராளமாக இருந்தால் மட்டும் பழையதையே வைத்துக்கொள்ளலாம், நஷ்டமில்லை.

கேள்வி: 1.6 மி.மீ. இரண்டு லேயர் போர்டில் ட்ரேஸுக்கு 50 ஓம் இம்பீடன்ஸ் (வேகமான சிக்னலுக்கு ட்ரேஸ் காட்டும் எதிர்ப்பு) வேண்டும்.

கிட்டத்தட்ட 3 மி.மீ. அகலம் வரும். சிப்பின் பின் இடைவெளியைப் பார்த்தாலே சிரிப்பு வரும். நான்கு லேயருக்குப் போய், பிளேன் 0.2 மி.மீ. கீழே இருந்தால் 0.35 போதும். அதற்குமுன் இம்பீடன்ஸ் தேவையா என்று பாருங்கள்: கிளாக் எவ்வளவு என்பது முக்கியமில்லை, எட்ஜ், அதாவது சிக்னல் மாறும் விளிம்பு, எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதுதான். சிக்னல் மில்லிமீட்டருக்குச் சுமார் 6 பிகோசெகண்ட் எடுக்கும், 3 செ.மீ.க்கு 180 பிகோசெகண்ட். 1 நானோசெகண்ட் எட்ஜில் அது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் 3 செ.மீ.க்குள் அடங்கும் ட்ரேஸை சும்மா வரைந்துவிட்டுப் போகலாம்.