லைசென்ஸ் கையில இருக்கு, டிகிரி இல்லை... காலேஜ்ல கிரெடிட் குடுப்பாங்களா?

கேள்வி: அக்கா வணக்கம். எனக்கு 28 வயசு, வீடு தண்டையார்பேட்டை. பிளஸ் டூ முடிச்சதும் நேரா ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்பு இன்ஜினியரிங்) கோர்ஸ் சேர்ந்துட்டேன், விமானத்துறையைக் கண்காணிக்கிற டி.ஜி.சி.ஏ. நடத்துற எக்ஸாம் எல்லாம் ஒண்ணொண்ணா பாஸ் பண்ணி பி1.1 (டர்பைன் இன்ஜின் விமானங்களுக்கான) லைசென்ஸ் வாங்கிட்டேன், இப்போ மீனம்பாக்கத்துல நைட் ஷிஃப்ட். ஆனா டிகிரி கிடையாது. குவாலிட்டி, பிளானிங் மாதிரி ஆபீஸ் வேலைக்கு அப்ளை பண்ணா ஃபார்ம்ல டிகிரின்னு ஒரு கட்டம் வருது, அங்கயே நின்னுடுது. பொண்ணு பார்க்கப் போன வீட்லயும் அதே கேள்வி. அமெரிக்காவுல இருக்குற மாமா பையன், அங்க ஏர்கிராஃப்ட் மெக்கானிக் சர்டிபிகேட்டுக்கு காலேஜ்லயே கிரெடிட் (படிச்சு முடிச்சதா டிகிரி கணக்குல சேர்ற பாயிண்ட்) தர்றாங்க, பாதி டிகிரி அதுலயே முடிஞ்சிடும்ங்கறான். நம்ம லைசென்ஸுக்கும் அப்படி உண்டா? இல்ல திரும்ப முதல்ல இருந்து மூணு வருஷம் படிக்கணுமா? இன்னொண்ணு, 2023 டிசம்பர் வெள்ளத்துல வீட்டுக்குள்ள தண்ணி வந்து நான் விமானத்துல செஞ்ச வேலையெல்லாம் பதிவு பண்ணி வச்ச லாக்புக் ஒண்ணு நனைஞ்சிடுச்சு, அதுக்கு என்ன பண்றது? (பேர் வேணாம் அக்கா)

பதில்: தம்பி, உங்க லெட்டரைப் படிச்சதும் எனக்கு எங்க அப்பா ஞாபகம்தான் வந்துச்சு. அவர் ஃபிட்டர், ஒரே ஒர்க்‌ஷாப்ல முப்பது வருஷத்துக்கு மேல, மெஷின் ஓடுற சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகுதுன்னு சொல்லிடுவாரு, ஆனா மேல்போஸ்ட்டுக்கு மூணு தடவை எழுதிப் போட்டும் மூணு தடவையும் சர்டிபிகேட் இல்லைன்னு திரும்பி வந்துடுச்சு, கடைசியில அவர்கிட்ட வேலை கத்துக்கிட்ட பையனே அவருக்கு சூப்பர்வைசரா வந்தான். வீட்ல அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டாரு, டிபன் பாக்ஸைக் கழுவி கவுத்து வச்சிட்டு போய் படுத்துப்பாரு. அதனால இந்தக் கேள்விக்கு நான் மேம்போக்கா பதில் சொல்ல மாட்டேன், கொஞ்சம் நீளமா போனாலும் பொறுமையா படிங்க.

உங்க மாமா பையன் சொல்றது உண்மைதான், ஆனா அது அவங்க ஊர் கதை. அங்க நம்ம டி.ஜி.சி.ஏ. மாதிரி எஃப்.ஏ.ஏ. இருக்கு, அது குடுக்குற மெக்கானிக் சர்டிபிகேட்ல ஏர்ஃப்ரேம் (விமானத்தோட உடம்பு), பவர்பிளான்ட் (இன்ஜின்)னு ரெண்டு ரேட்டிங், ரெண்டையும் சேர்த்து ஏ அண்ட் பி-ம்பாங்க. ஜெனரல், ஏர்ஃப்ரேம், பவர்பிளான்ட்னு மூணு எழுத்துத் தேர்வு, ஒவ்வொண்ணுலயும் 70 எடுக்கணும், அப்புறம் எக்ஸாமினர் எதிர்லயே உட்கார்ந்து வாய்மொழி, செய்முறை ரெண்டும். ஸ்கூல் போகாம வேலை அனுபவத்துல வர்றவங்களா இருந்தா ஒரு ரேட்டிங்குக்கு 18 மாசம், ரெண்டுக்கும் சேர்த்து 30 மாசம் காட்டணும். இவ்வளவு தாண்டி வந்தவனை காலேஜ்ல மறுபடி 'இது ஸ்பேனர்'னு ஆரம்பிக்க வைக்கிறது அநியாயம்னு அங்க ஒத்துக்கிட்டாங்க. அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன்னு ஒரு அமைப்பு, 1918ல ஆரம்பிச்சது, இந்த மாதிரி லைசென்ஸ், ட்ரெயினிங் எல்லாம் ஆராய்ஞ்சு இதுக்கு இத்தனை கிரெடிட் தரலாம்னு சிபாரிசு பண்ணும். சிபாரிசுதான், உத்தரவு கிடையாது, தர்றதா வேணாமான்னு அந்தந்த காலேஜ்தான் முடிவு பண்ணும். எம்ப்ரி-ரிடில் மாதிரி ஏவியேஷனுக்குன்னே இருக்குற யூனிவர்சிட்டி, நியூ ஜெர்சியில வேலைக்குப் போறவங்களுக்காகவே 1972ல ஆரம்பிச்ச தாமஸ் எடிசன் ஸ்டேட் யூனிவர்சிட்டி, இவங்கள்லாம் ஏ அண்ட் பி-க்கு கிரெடிட் தர்றவங்க.

ஆனா 'பாதி டிகிரி முடிஞ்சிடும்'ங்கற இடத்துலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க, கொஞ்சம் கவனமா பாருங்க. அங்க ஒரு பேச்சிலர் டிகிரின்னா பொதுவா 120 கிரெடிட். ஒரு பேச்சுக்கு உங்க சர்டிபிகேட்டுக்கு 30 கிரெடிட் குடுத்துட்டாங்கன்னு வச்சுக்குவோம், ஆனா நீங்க சேர்ந்தது பிசினஸ் டிகிரி, அதுல இங்கிலீஷ், மேத்ஸ், அக்கவுண்ட்ஸ்னு கட்டாயமா படிக்க வேண்டியது போக, எது வேணா படிச்சுக்கோன்னு விட்ட இடம் 12 கிரெடிட்தான்னா மீதி 18 என்ன ஆகும்? மார்க் ஷீட்ல அழகா அச்சாகி இருக்கும், உங்களுக்கு ஒரு மாசம் கூட குறையாது. அதே 30 கிரெடிட்டை ஏவியேஷன் மெயின்டனன்ஸ் டிகிரியில கொண்டு போய் வச்சா மெயின் பாடத்துலயே உட்கார்ந்துடும். அதனால எந்த ஊர் காலேஜா இருந்தாலும் சரி, 'எத்தனை கிரெடிட் தருவீங்க'ன்னு கேட்டு நிறுத்திடாதீங்க. 'தர்றதுல எத்தனை என் டிகிரியில கழியும், எந்தப் பாடத்துக்குப் பதிலா கழியும்'னு கேளுங்க, எழுத்துல கேளுங்க, ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க.

சரி, நாமளும் அந்த ஏ அண்ட் பி-யை எடுத்துட்டா என்னன்னு உடனே தோணும், ஏஜென்ட்டும் அதைத்தான் சொல்லுவான். அமெரிக்க குடிமகனும் இல்ல, அங்க குடியேறினவரும் இல்லைன்னா, அமெரிக்காவுக்கு வெளிய இருந்து அதை வாங்க, அமெரிக்காவுல ரெஜிஸ்டர் ஆன விமானத்தைப் பார்க்க உங்களுக்கு அந்த சர்டிபிகேட் தேவைன்னு காட்டணும்னு அவங்க சட்டத்துலயே இருக்கு. டி.ஜி.சி.ஏ. லைசென்ஸைக் குடுத்துட்டு அதை வாங்கிக்கிற மாத்து ஏற்பாடெல்லாம் கிடையாது. நம்ம லைசென்ஸை வச்சே அங்க கிரெடிட் கேக்கணும்னா ஒரு வழி, தாமஸ் எடிசன் மாதிரி இடத்துல போர்ட்ஃபோலியோ போடலாம், அதாவது இன்ன பாடத்துல இருக்குறது எனக்கு ஏற்கெனவே தெரியும், இதோ ஆதாரம்னு பாடம் பாடமா நிரூபிக்கிறது. நடக்குற விஷயம்தான், ஆனா டாலர்ல ஃபீஸ். தங்கச்சி தம்பி படிப்பு, வீட்டு வாடகைன்னு இருக்குற நம்ம வீடுகளுக்கு நான் அதை முதல் வழியா சொல்ல மாட்டேன்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். இங்கயும் சட்டம் கொஞ்சம் கொஞ்சமா திறக்குது தம்பி. 2021ல அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ், சுருக்கமா ஏ.பி.சி., வந்துச்சு, பேங்க் அக்கவுண்ட்ல பணம் சேர்ற மாதிரி படிச்ச கிரெடிட் எல்லாம் உங்க பேர்ல சேரும். 2023 ஏப்ரல்ல நேஷனல் கிரெடிட் ஃப்ரேம்ஒர்க் வந்துச்சு, அதுல ஸ்கூல் படிப்பு, காலேஜ் படிப்பு, தொழில் பயிற்சி, வேலை அனுபவம் எல்லாத்தையும் ஒரே தராசுல நிறுக்கலாம்னு சொல்லிட்டாங்க. கணக்கு ரொம்ப சுலபம், 30 மணி நேரம் ஒரு கிரெடிட், வருஷத்துக்கு 1,200 மணி நேரம், 40 கிரெடிட். இப்போ உங்க கோர்ஸை எடுத்துக்குங்க, பி1.1-க்கு டி.ஜி.சி.ஏ.-வோட சி.ஏ.ஆர்.-147 விதிப்படி நடக்குற பேசிக் கோர்ஸ் 2,400 மணி நேரம். 30-ஆல வகுத்தா 80. ரெண்டு வருஷ காலேஜ் படிப்பு!

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். எலெக்ட்ரிக்கல் அடிப்படை, மெட்டீரியல்ஸ், ஏரோடைனமிக்ஸ், ஹியூமன் ஃபேக்டர்ஸ், சட்டம், டர்பைன் இன்ஜின்னு மாட்யூல் மாட்யூலா 75 சதவீதம் எடுத்தாதான் பாஸ், காலேஜ்ல 40 எடுத்தா பாஸ் போட்டுடுறாங்க, ஆனா ஃபார்ம்ல உங்களுக்கு 'பிளஸ் டூ'ன்னு பேரு. இது சரியில்லைன்னு நான் வெளிப்படையாவே சொல்றேன்.

ஆனா நம்ம போடுற கணக்கு கிரெடிட் ஆகாது. ஒரு யூனிவர்சிட்டி உங்க படிப்பை எடுத்து, அசெஸ் பண்ணி, இது எந்த லெவல் படிப்புன்னு முடிவு பண்ணி, ஏ.பி.சி.யில ஏத்தினாதான் அது கிரெடிட். டி.ஜி.சி.ஏ. லைசென்ஸ் கொண்டு வந்தா இத்தனை கிரெடிட்டுன்னு எல்லா காலேஜையும் கட்டுப்படுத்துற உத்தரவு எதையும் நம்பி நீங்க கிளம்ப முடியாது, ஒவ்வொரு கதவா தட்டித்தான் பார்க்கணும். முதல் கதவு நீங்க படிச்ச ஏ.எம்.இ. ஸ்கூல்தான். நிறைய ஸ்கூல்கள் ஏதாவது ஒரு யூனிவர்சிட்டியோட சேர்ந்து ஏ.எம்.இ.-யோட பி.எஸ்சி.-யும் நடத்துறாங்க. உங்க ஸ்கூல் நடத்துதா, பழைய மாணவர் வந்தா ரெண்டாவது வருஷம் மூணாவது வருஷத்துல சேர்த்துக்குவாங்களான்னு போய் கேளுங்க, சேர்த்துக்குவோம்னா அந்த யூனிவர்சிட்டி லெட்டர்ஹெட்ல எழுதி வாங்குங்க, ஸ்கூல் ஆபீஸ்ல இருக்கறவங்க வாய்ல சொல்றது செல்லாது.

அங்கயே யாராவது தனியா கூப்பிட்டு, 'ஏன் தம்பி அலையுறே, பழைய வருஷத்துல சேர்ந்த மாதிரி போட்டு டிகிரி வாங்கித் தர்றேன், இவ்வளவு ஆகும்'னு சொன்னா எழுந்து வந்துடுங்க. விமானம் பறக்கலாம்னு ரிலீஸ் பண்ணி கையெழுத்து போடுற தொழில் உங்களுது, உங்க கையெழுத்தை நம்பித்தான் ஜனங்க ஏறி உட்கார்றாங்க, ஒரு பொய் பேப்பர் ஃபைல்ல இருந்தா டிகிரியோட போகாது, லைசென்ஸையும் இழுத்துட்டுப் போயிடும்.

ஸ்கூல்லயும் வழி இல்லைன்னா? அப்போ மூணு வருஷம்தான், ஆனா வேலையை விட்டுட்டு கிளாஸ்ல உட்கார வேணாம். வேலையில இருந்துகிட்டே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ, ரெண்டுல ஒண்ணுல பி.பி.ஏ.-வோ பி.காம்.-ஓ போடுங்க. யூ.ஜி.சி. அனுமதியோட நடக்குற தொலைதூர டிகிரியும் ரெகுலர் டிகிரியும் சமம்னு 2022லயே யூ.ஜி.சி. சொல்லியாச்சு, அந்தக் கட்டத்துல தைரியமா எழுதலாம். நான் ஏன் பி.பி.ஏ. சொல்றேன்னா நீங்க கேக்குற குவாலிட்டி, பிளானிங் ரெண்டுமே ஆளையும் நேரத்தையும் செலவையும் பார்க்குற வேலை, டெக்னிக்கல் சைடுக்கு உங்க லைசென்ஸே பேசும். சேர்றதுக்கு முன்னாடி அந்த வருஷம் அந்த கோர்ஸுக்கு அனுமதி இருக்கான்னு யூ.ஜி.சி. தொலைதூரக் கல்வி லிஸ்ட்ல பார்த்துடுங்க. தபால்ல பி.இ. தர்றோம்னு விளம்பரம் வந்தா மட்டும் தொடாதீங்க, இன்ஜினியரிங்கை தபால் வழியில நடத்தக்கூடாதுன்னு 2017 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லி, அப்படி வாங்கின எத்தனையோ பேரோட டிகிரி சிக்கல்ல மாட்டுச்சு. பி.இ.-யில நேரா ரெண்டாவது வருஷம் சேர்ற லேட்டரல் என்ட்ரி ஆசை இருந்தா அதுக்கு டிப்ளமோவோ பி.எஸ்சி.-யோ கேப்பாங்க, ஏ.எம்.இ. லைசென்ஸை மட்டும் காட்டி நுழைய முடியாது.

நைட் ஷிஃப்ட் பார்த்துட்டு எப்படிப் படிக்கிறதுன்னு கேப்பீங்க. மீனம்பாக்கத்துல இருந்து தண்டையார்பேட்டை வரைக்கும் ஒரே மெட்ரோ, காலையில ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது வடக்கே வர்ற வண்டியில உட்கார இடம் கிடைக்கும், அந்த நேரம் உங்களுது. மாட்யூல் எக்ஸாமுக்கு எப்படிப் படிச்சீங்களோ அப்படித்தான், உங்களுக்கு நான் சொல்லித்தரணும்னு இல்ல.

கடைசியா லாக்புக். எனக்கு இதுதான் ரொம்ப கவலை, ஏன்னா மேல சொன்ன எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ள இருந்து வர்ற முதல் வார்த்தை 'ஆதாரம் எங்க'. நனைஞ்ச புக்கைத் தூக்கிப் போட்டுடாதீங்க, ஒட்டிக்கிட்ட பக்கத்தை வெடுக்குனு பிரிக்காதீங்க, நடுவுல வெள்ளைப் பேப்பர் வச்சு நிழல்ல, ஃபேன் காத்துல காய விட்டு, தெரியுற பக்கத்தையெல்லாம் ஒண்ணு விடாம போட்டோ எடுங்க. தேதி, விமானத்தோட ரெஜிஸ்ட்ரேஷன், செஞ்ச வேலை, கையெழுத்து போட்ட இன்ஜினியரோட லைசென்ஸ் நம்பர், இந்த நாலும் தெரிஞ்சா அந்த வரி உயிரோட இருக்குன்னு அர்த்தம். அழிஞ்சு போனதுக்கு அப்போ வேலை பார்த்த கம்பெனியோட டெக்னிக்கல் ரெக்கார்ட்ஸ்ல வேலை விவரம் இருக்கும், அதை வச்சு அனுபவ லெட்டர் கேளுங்க. புது நோட்டு வாங்கி ஞாபகத்துல இருந்து எழுதி பழைய தேதி மட்டும் போடவே போடாதீங்க.

லாக்புக் போக இன்னும் சிலது வேணும், ஸ்கூல்ல இருந்து கோர்ஸ் முடிச்ச சர்டிபிகேட்டும், எந்தப் பாடம் எத்தனை மணி நேரம்னு போட்ட சிலபஸ் காப்பியும், சீல் வச்சது. நீங்க படிச்ச வருஷத்து சிலபஸ், இந்த வருஷத்துது இல்ல. சிலபஸைத்தான் எல்லாரும் மறந்துடுவாங்க, ஆனா அசெஸ் பண்றவங்க அதை வச்சுத்தான் மணி நேரத்தை எண்ணுவாங்க. டி.ஜி.சி.ஏ. மாட்யூல் ரிசல்ட் எல்லாத்தையும் எக்ஸாமுக்கு டி.ஜி.சி.ஏ. குடுத்த உங்க கம்ப்யூட்டர் நம்பரோட பிரிண்ட் எடுத்துக்குங்க. மொத்தத்தையும் ஸ்கேன் பண்ணி உங்க மெயில்ல ஒண்ணு, அமெரிக்கா மாமா பையன் மெயில்ல ஒண்ணு போட்டு வைங்க, ஒரிஜினலை ஜிப் கவர்ல போட்டு பரண் மேல ஏத்திடுங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சிடுங்க தம்பி, நம்ம பக்கம் தண்ணி வந்தா கட்டில் உயரத்துக்கு நிக்குதுன்னு உங்களுக்கே தெரியும்.