கோல்ட்வாட்டர் முதல் ரீகன் வரை: அமெரிக்கப் பழமைவாதம் பற்றிக் கேள்வி பதில்

கல்லூரி மாணவி ஒருவர்: 1980 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ரீகன் 44 மாநிலங்களை அள்ளினாரே, அந்த அலை எப்படி வந்தது?

அலை என்று நான் சொல்ல மாட்டேன். அது 16 வருட உழைப்பு. 1964 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் பேரி கோல்ட்வாட்டர் மண்ணைக் கவ்வினார்: மாநிலவாரியாகப் பங்கிட்டு அதிபரைத் தீர்மானிக்கும் தேர்வாளர் வாக்குகளில் ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சனுக்கு 486, இவருக்கு 52. பழமைவாதிகளின் கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் கோல்ட்வாட்டருக்கு 50 டாலரோ அதற்கு மேலோ நன்கொடை கொடுத்தவர்களின் பெயரும் முகவரியும் வாஷிங்டனில் ஓர் அரசு அலுவலகத்தில் இருந்தன. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ரிச்சர்ட் விகரி என்ற இளைஞர் அங்கே உட்கார்ந்து கையாலேயே எழுத ஆரம்பித்தார். பிறகு கூலிக்கு ஆள் வைத்தார். சுமார் 12,500 பெயர்கள் சேர்ந்தன. பின்னாளில் கடிதம் போட்டே தேர்தல் நிதி திரட்டிய பெரிய தொழில் அந்தக் கையெழுத்துப் பட்டியலில்தான் தொடங்கியது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: இதில் நிறவெறிக்குப் பங்கே இல்லையா?

உண்டு ஐயா. அதை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்லவே கூடாது. இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964 சிவில் உரிமைச் சட்டத்தை கோல்ட்வாட்டர் எதிர்த்து வாக்களித்தவர். தனிமனித உரிமையில் மத்திய அரசு தலையிடக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். ஆனால் சொந்த மாநிலமான அரிசோனாவைத் தவிர அவர் ஜெயித்த ஐந்தும் தெற்கே உள்ளவை. மிசிசிப்பியில் மட்டும் 87 சதவீதம்! அங்கே கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோரை அப்போது வாக்காளர் பட்டியலிலேயே சேர விடவில்லை.

குடும்பத் தலைவி: பெண்கள் எந்தப் பக்கம் நின்றார்கள்?

இரண்டு பக்கமும். ஆண் பெண் இருவருக்கும் சட்டத்தில் சம உரிமை தரும் அரசியலமைப்புத் திருத்தத்தை 1972இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது; அதை 38 மாநிலங்கள் ஏற்க வேண்டியிருந்தது; 1982 கெடு முடிந்தபோது 35தான். தடுத்தவர்களின் முன்வரிசையில் ஃபில்லிஸ் ஷ்லாஃப்லியும் அவர் திரட்டிய இல்லத்தரசிகளும். வீட்டில் சுட்ட ரொட்டியை எடுத்துக்கொண்டு இலினாய் சட்டமன்றத்துக்குப் போய் உறுப்பினர்கள் கையில் கொடுத்தார்கள். அந்தத் திருத்தம் வந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனாலும் அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை.

இன்னொருவர்: தேவாலயங்கள்?

கருக்கலைப்பை நாடெங்கும் அனுமதித்த 1973 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை முதலில் கடுமையாக எதிர்த்தவர்கள் கத்தோலிக்கர்கள். புராட்டஸ்டன்ட் போதகர் ஜெரி ஃபால்வெல்லின் பழமைவாத அரசியல் அமைப்பான 'மாரல் மெஜாரிட்டி' 1979இல்தான் வந்தது.

கணக்காளர்: வரிக் கோபம்?

அதுதான் நடுத்தர வீடுகளுக்குள் இதைக் கொண்டுபோனது. கலிஃபோர்னியாவில் வீட்டு விலை ஏற ஏற சொத்து வரியும் ஏறியது. ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவர்களால் கட்ட முடியவில்லை. 1978 ஜூனில் 13ஆவது முன்மொழிவு மக்களின் நேரடி வாக்கெடுப்புக்கு வந்து வென்று, சொத்து வரிக்குச் சொத்து மதிப்பில் 1 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டது. அதுவரை எதிர்த்துவந்த ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜெரி பிரவுனே, முடிவு வந்ததும் அதை நிறைவேற்ற முன்னே வந்து நின்றார்.