ஸ்கீ சாமானோடு விமானம் ஏறுகிறவர்களுக்கு: வாசகர் கேள்வியும் என் பதிலும்

மார்கழி பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி, ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டிகளைப் பற்றியதாக இருக்கும். இந்த முறை ஸ்கீயைப் பற்றி, அதுதான் பனிச்சறுக்கைப் பற்றி, நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் பனியில் இறங்கிவிட்டார்கள் என்பதில் எனக்குப் பெரிய சந்தோசம். ரொறன்ரோ பியர்சன் விமானநிலையத்தில் செக்-இன் மேசையில் 22 வருடம் நின்றவள் நான். இந்தப் பக்கம் முழுவதும் இந்த நான்கு பேருக்குத்தான்.

கேள்வி: அக்கா, என் மகளுக்கு 15 வயது. பள்ளிக்கூட ஸ்கீ அணியோடு மாசி மாதம் கல்கரிக்குப் பறந்து, அங்கிருந்து பான்ஃப் போகிறாள். அவளுடைய ஸ்கீ பையின் நீளம் மட்டும் 175 செ.மீ. விமான நிறுவனத்தின் பக்கத்தில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 செ.மீ.க்குள் இருக்கவேண்டும் என்று போட்டிருக்கிறது. மேலதிகக் காசு கட்டவேண்டி வருமா? பூட்ஸை எதற்குள் வைப்பது? (ஒரு தாய், ஸ்காபரோ)

பதில்: தங்கச்சி, அந்த 158 சாதாரண சூட்கேஸுக்கான கணக்கு. அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். ஸ்கீக்குத் தனி விதி உண்டு, அது விளையாட்டுச் சாமான் என்ற தலைப்பின் கீழ் இருக்கும். ஏர் கனடாவை எடுத்தால், ஸ்கீயும் தடிகளும் உள்ள ஒரு பை, பூட்ஸ் உள்ள ஒரு பை, இரண்டும் சேர்ந்து ஒரு பொதி. நீளத்துக்காகத் தனியாகக் காசு கேட்கமாட்டார்கள். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் செய்கின்றன. ஆனால் அந்த ஒரு பொதி இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். ரிக்கற்றில் பொதி சேராவிட்டால், முதல் பொதிக்கு என்ன கட்டணமோ அதைக் கட்டத்தான் வேண்டும்.

நீளத்தை மன்னிப்பார்கள், பாரத்தை மன்னிக்கமாட்டார்கள். 23 கிலோவைத் தாண்டினால் பாரத்துக்கான அபராதம் வேறு, அது 100 டொலருக்குக் குறையாது. 32 கிலோவுக்கு மேல் போனால் பொதியாகவே எடுக்கமாட்டார்கள். அதைத் தூக்குகிற மனிதனின் முதுகுக்காக வைத்த எல்லை அது, மேசையில் நிற்பவரோடு வாதாடிப் பயனில்லை. வீட்டில் குளியலறைத் தராசில் முதலில் நீங்கள் ஏறுங்கள், பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், கழித்துப் பாருங்கள். நீட்டுப் பையைத் தராசில் கிடத்தினால் இரண்டு முனையும் நிலத்தில் தொட்டுப் பொய் நிறை காட்டும். பூட்ஸ் பையையும் சேர்த்து நிறுங்கள், சில நிறுவனங்கள் இரண்டையும் ஒன்றாகவே நிறுக்கும்.

பூட்ஸ் பைக்குள் பூட்ஸ் மட்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு மார்கழியில் ஒரு தமிழ்க் குடும்பம் என் மேசைக்கு வந்தது, கல்கரிப் பயணம்தான். பூட்ஸ் பையைத் தூக்கியபோதே பாரம் சரியில்லை. திறந்தால், பூட்ஸுக்குள் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் நாலு பைக்கற், பக்கத்தில் கருவாடு, மேலே சித்திக்கு ஒரு சேலை. அது ஸ்கீ சாமான் என்ற கணக்கில் இருந்து விழுந்துவிட்டது. தனிப் பொதியாகப் பதிந்து காசு வாங்கவேண்டி வந்தது. அந்தத் தகப்பனின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம். சித்திக்குக் கொண்டுபோகிறதை நான் பிழை சொல்லவில்லை, அதற்கு வேறு பெட்டி இருக்கிறது. ஹெல்மெற்றையும் கண்ணாடியையும் பூட்ஸோடு வைக்கச் சில நிறுவனங்கள் விடும், சில விடாது. நிறுவனத்தின் பக்கத்தில் அதைச் சொல்லுகிற இடத்தை மட்டும் வடிவாக வாசித்து, தொலைபேசியில் படம் எடுத்து மகளிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆனாலும் பூட்ஸ் விமானத்துக்குள் அவளோடு வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. ஸ்கீ தவறினால் பான்ஃபில் வாடகைக்கு எடுக்கலாம், தடியும் எடுக்கலாம். பூட்ஸ் அப்படியில்லை. உள்ளுறையைச் சூடாக்கி அவளுடைய காலுக்கென்றே வார்த்திருப்பார்கள், பிறகு நாலைந்து தரம் போட்டு நடந்து காலுக்குப் படிந்திருக்கும். என் மகனுக்கு 14 வயதில் நடந்ததைச் சொல்கிறேன். பொதி மேசையில் வேலை செய்கிற தாய் நானே அவனுடைய பூட்ஸைப் பொதியில் போட்டுவிட்டேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பை மூன்றாம் நாள்தான் வந்தது. வாடகைப் பூட்ஸ் அவனுடைய முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல் தோலை உரித்துவிட்டது. பூட்ஸ் வந்தபிறகும் அந்தப் புண்ணில் அதைப் போட முடியவில்லை. போட்டி நாளன்று வாசலில் நின்று மற்றப் பிள்ளைகளைப் பார்த்தான். அதற்குப் பிறகு பூட்ஸ் எங்கள் கையை விட்டுப் போனதில்லை.

ஸ்கீ பூட்ஸை விமானத்துக்குள் கொண்டுபோகப் பாதுகாப்புச் சோதனையில் தடையில்லை. ஊன்றுதடிகளைத்தான் விடமாட்டார்கள், அவை கீழே போகவேண்டும். ஆனால் ரிக்கற்றின் வகையைப் பாருங்கள். ஏர் கனடாவின் ஆகக் குறைந்த 'பேசிக்' ரிக்கற்றில், 2025 தை (ஜனவரி) 3 முதல், வட அமெரிக்கப் பயணங்களுக்கு மேல்தட்டில் வைக்கும் கைப்பை கிடையாது. இருக்கைக்குக் கீழே போகிற 33 x 43 x 16 செ.மீ. பை ஒன்று மட்டும்தான். அதற்குள் ஒரு சோடி பூட்ஸ் போகாது. வெஸ்ட்ஜெட்டிலும் ஆகக் குறைந்த ரிக்கற்றில் இதே மாதிரியான கட்டுப்பாடு உண்டு. பள்ளிக்கூடம் மொத்தமாக ரிக்கற் எடுத்திருந்தால் பயிற்சியாளரிடம் எந்த வகை என்று இன்றைக்கே கேளுங்கள். பேசிக் என்றால், ஒரு படி கூடிய ரிக்கற்றுக்குக் கொடுக்கிற வித்தியாசம் பூட்ஸுக்காகவே பெறுமதி.

அப்புறம், ஸ்கீயை அடுக்குவது. இரண்டு ஸ்கீயையும் வழுக்குகிற அடிப்பக்கம் ஒன்றோடொன்று முகம் பார்க்க வையுங்கள். பிரேக் இரண்டும் கோர்த்துக்கொள்ளும். முன்னும் பின்னும் பட்டி போட்டுக் கட்டுங்கள். ஓரத்தில் ஓடும் இரும்பு விளிம்பு கத்திக்குச் சமன், தீட்டியிருந்தால் பையையே உள்ளிருந்து வெட்டும். பழைய கம்பளிக் காலுறை ஒன்றை நுனியிலும் இன்னொன்றை வாலிலும் மாட்டிவிட்டால் போதும், நீட்டுப் பை எப்போதும் முனையில்தான் விழும். வெளியே தொங்குகிற வார்களை எல்லாம் உள்ளே செருகுங்கள், இல்லாவிட்டால் உருளும் பட்டியில் சிக்கி இழுபடும். பழைய பயணத்தின் பட்டைக்குறிச் சீட்டுகளைக் கிழித்து எறியுங்கள். பெயரும் தொலைபேசி இலக்கமும் பைக்கு வெளியே மட்டும் இருந்தால் போதாது, உள்ளேயும் ஒரு தாளில் இருக்கட்டும்.

இன்னொன்று. ஸ்கீ பை சூட்கேஸோடு போகாது. மேசையில் சீட்டு ஒட்டியபிறகு, பெரிய சாமான்களுக்கான தனி வாசலில் நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். கல்கரியிலும் அது பெரிய சாமான் வருகிற இடத்தில்தான் வரும். சுற்றிவருகிற பட்டியடியில் காத்து நின்று, பை வரவில்லை என்று அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். மகளுக்கு இதை முதலே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ரொறன்ரோவில் இருந்து லண்டனுக்கு ஒரு நிறுவனம், லண்டனில் இருந்து ஜெனீவாவுக்கு ஈஸிஜெட், இரண்டும் வேறு வேறு ரிக்கற். லொசானில் அண்ணா வீட்டில் நின்று ஸ்கீ போக யோசனை. இங்கே 23 கிலோ விட்டால் அங்கேயும் விடுவார்கள்தானே? (மார்க்கம் வாசகர்)

பதில்: விடமாட்டார்கள் தம்பி. ஒரே ரிக்கற்றாக இருந்தால், கனடாவில் தொடங்குகிற அல்லது கனடாவுக்கு வருகிற பயணத்துக்கு முழு வழிக்கும் ஒரே பொதி விதிதான் பொருந்தவேண்டும் என்று கனடியப் போக்குவரத்து முகவரகம் 2015இல் இருந்து வைத்திருக்கிறது. இடையில் எத்தனை நிறுவனம் மாறினாலும் அப்படித்தான். வேறு வேறு ரிக்கற் என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. லண்டனில் பையை எடுத்து, வெளியே வந்து, புதுப் பயணியாக வரிசையில் நிற்கவேண்டும். ஈஸிஜெட், ரயன்எயார் போன்றவற்றில் ஸ்கீயை விளையாட்டுச் சாமான் என்று முன்கூட்டியே பதிந்து காசு கட்டவேண்டும், அதற்கு 20 கிலோதான் கணக்கு. பியர்சனில் நீங்கள் சந்தோசமாகக் கொடுத்த 23 கிலோவில் 3 கிலோ லண்டனில் பிரச்சினை தரும். விமானநிலையத்தில் போய்க் கட்டுவதைவிட இணையத்தில் முதலே கட்டுவது மலிவு.

நீங்கள் வருடத்துக்கு ஒரு வாரம் சறுக்குகிறவர் என்றால் என் யோசனை வேறு. ஸ்கீயை வீட்டில் விட்டுவிடுங்கள். பூட்ஸையும் ஹெல்மெற்றையும் மட்டும் கொண்டுபோங்கள். சுவிஸ் மலையூர்களில் நல்ல ஸ்கீ வாடகைக்குக் கிடைக்கும், இரும்பு விளிம்பும் தீட்டியிருப்பார்கள். ஜெனீவா விமானநிலையத்துக்குள்ளேயே றெயில் நிலையம் இருக்கிறது. பூட்ஸ் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே லொசானுக்கு றெயில் ஏறலாம்.

கேள்வி: மகன் வன்கூவரில் படிக்கிறான். பனிச்சரிவில் மாட்டினால் காற்றுப்பை விரிகிற முதுகுப்பை ஒன்று வாங்கியிருக்கிறான். அதோடு அமெரிக்காவில் சோல்ட் லேக் சிற்றிக்குப் பறக்கப் போகிறானாம். எனக்குப் பயமாக இருக்கிறது. (ஒரு தகப்பன், பிரம்ரன்)

பதில்: அந்தப் பையை வாங்கிய பிள்ளை யோசித்து நடக்கிற பிள்ளை அண்ணா, அதற்காகச் சந்தோசப்படுங்கள். சிக்கல் அதற்குள் இருக்கும் அழுத்தக் காற்றுச் சிலிண்டர்தான். உலக விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் ஆபத்துப் பொருள் விதிப்படி ஒருவருக்கு ஒரு பை, விமான நிறுவனத்தின் சம்மதத்தோடு, தவறி விரியாதபடி அடுக்கியிருந்தால் கொண்டுபோகலாம். அமெரிக்காவில் சட்டம் இன்னும் இறுக்கம். அங்கே பாதுகாப்புச் சோதனையில் சிலிண்டர் வெறுமையாக, வால்வு கழற்றி, வாய் திறந்து, உள்ளே பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். நிறைந்த சிலிண்டரைப் பறித்துவிடுவார்கள், பிள்ளை மலைக்குப் பாதுகாப்பில்லாமல் போவான். அதனால் வெறும் சிலிண்டரோடு போய் அங்கே நிரப்பட்டும், அல்லது அந்த வகைச் சிலிண்டரை அங்குள்ள கடையில் வாடகைக்கு எடுக்கலாமா என்று பறக்கமுன் கேட்டு வைக்கட்டும். போகும்போது மட்டும் யோசித்தால் போதாது, திரும்பி வரும்போதும் வெறுமையாக்கவேண்டும்.

மின்விசிறியால் ஊதுகிற வகை என்றால் சிலிண்டர் இல்லை, பல மாதிரிகளில் லிதியம் பற்றரி இருக்கும். சூடாகும் காலுறையின் உதிரிப் பற்றரி, பவர் பாங்க் எல்லாம் 100 வாட்-மணிக்குள் இருந்து, கைப்பையில் வரவேண்டும், பொதியில் போடக்கூடாது. ஸ்கீயின் அடியில் பூசுகிற மெழுகுக் கட்டி போகலாம். மெழுகு உருக்குகிற அடுப்புக்கான காஸ் போகாது.

கேள்வி: கார்த்திகைக் கடைசியில் கிலோனாவுக்குப் போனோம். என்னுடைய ஸ்கீ பை இரண்டு நாள் பிந்தி வந்தது, பூட்ஸை ஸ்கீயோடு பூட்டுகிற பைண்டிங் ஒன்றும் உடைந்திருந்தது. வாடகை ஸ்கீக்கு 140 டொலர் போய்விட்டது. நிறுவனத்தோடு கதைத்தால் "பை வந்துவிட்டதுதானே" என்கிறார்கள். பை கையில் கிடைத்து இன்றோடு ஐந்து நாள். (எற்றோபிக்கோ வாசகர்)

பதில்: இந்தக் கடிதத்தைப் பார்த்ததும், இதழ் அச்சாகும்வரை வைத்திருக்காமல் இவருக்கு அன்றிரவே மின்னஞ்சல் அனுப்பினேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அதையே இங்கே தருகிறேன்.

உடைந்த பைண்டிங்குக்கு, பை கையில் கிடைத்து 7 நாளுக்குள் எழுத்தில் முறையிடவேண்டும். பிந்தியதால் வந்த செலவுக்கு 21 நாள் இருக்கிறது. 21 நாளாகியும் பை வராவிட்டால் தொலைந்ததாகக் கணக்கு. இவை 1999 மொன்றியல் உடன்படிக்கையின் விதிகள். 2019இல் வந்த விமானப் பயணிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், பொதிக்கான அந்தப் பொறுப்பைக் கனடாவுக்குள் பறக்கிற பயணங்களுக்கும் கொண்டுவந்துவிட்டன. ஆகவே ரொறன்ரோ–கிலோனா உள்நாட்டுப் பயணம்தானே என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. நிறுவனத்தின் பொறுப்புக்கு எல்லை, 2024 மார்கழி (டிசம்பர்) 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். அது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கலகு, எங்கள் காசில் 2,800 டொலருக்குக் கிட்ட வரும். பை ஒன்றுக்கு இல்லை, ஆள் ஒருவருக்கு. அதைவிடப் பெறுமதியான சாமான் என்றால் செக்-இன் மேசையிலேயே பெறுமதியை அறிவித்து, மேலதிகமாகக் கட்டி, எல்லையைக் கூட்டலாம். 22 வருடத்தில் என்னிடம் அதைக் கேட்டு வந்தவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணலாம்.

வாடகை ரசீது, விமானநிலையத்தில் கொடுத்த பொதி முறைப்பாட்டு இலக்கம், பைண்டிங்கின் படம், பொதிச் சீட்டு, நாலையும் ஒன்றாக இணையுங்கள். பொதிக்குக் கட்டிய கட்டணத்தையும் திரும்பக் கேளுங்கள், பை பிந்தி வந்தாலும் அதைத் தரவேண்டும் என்று அதே ஒழுங்குவிதி சொல்கிறது. தொலைபேசியில் கதைத்தது கணக்கில் வராது. அவர்களுடைய படிவத்தில் நிரப்பி, அனுப்பிய பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் கனடியப் போக்குவரத்து முகவரகத்துக்கு எழுதலாம்.

மறுநாள் காலையில் அவர் பதில் எழுதியிருந்தார். படிவம் போய்விட்டது, ஆறாம் நாள்.